இரத்தம் நின்று திரும்பும்போது: சிறுநீரகம் பற்றிய வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

சென்ற இதழில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றி எழுதியபோது, இரத்த ஓட்டம் சிறிது நேரம் தடைபட்டுத் திரும்பினால் ஆண் சுண்டெலியின் சிறுநீரகத்தைவிடப் பெண் சுண்டெலியின் சிறுநீரகம் நன்றாகத் தாங்குகிறது என்று போகிற போக்கில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு வந்த கடிதங்கள், மீதிக் கட்டுரை முழுவதற்கும் வந்தவற்றைவிட அதிகம். அவற்றில் சிலவற்றுக்கு இம்மாதம் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இரத்தம் நின்றால் உறுப்பு பாதிக்கப்படும் என்பது புரிகிறது. ஆனால் இரத்தம் திரும்பி வரும்போதும் பாதிப்பு நேர்கிறது என்கிறீர்களே! பட்டினி கிடந்தவனுக்குச் சோறு போட்டால் அவன் சாவானா?
– உயிரியல் ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: ஐயா, உங்கள் உவமையிலேயே பாதி விடை இருக்கிறது. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரே வேளையில் வயிறு நிறையச் சோறு போட்டால், இரத்தத்திலுள்ள பாஸ்பேட் திடீரெனச் சரிந்து இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். நீண்ட உண்ணாவிரதத்தை முடிப்பவருக்கு முதலில் கஞ்சித் தண்ணீரோ பழச்சாறோ கொடுப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. உயிரணுவின் கதையும் ஏறத்தாழ இதுதான். அதன் பட்டினியை மட்டும் நாட்களில் எண்ணாமல் நிமிடங்களில் எண்ண வேண்டும்.

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஏறத்தாழ 300 கிராம் எடைதான் இருக்கும். ஆனால் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவில், அவற்றின் வழியாக ஓடுகிறது. இப்படி வெள்ளம் பாயும் உறுப்புக்குள்ளேயே ஒரு கடைமடை இருக்கிறது. வாய்க்காலின் தலைப்பில் இருக்கும் புறணிப் பகுதியில் ஆக்சிஜன் அழுத்தம் பாதரசக் கணக்கில் 50 மில்லிமீட்டர் அளவில் இருக்க, அதற்கு உள்ளே இருக்கும் அகணியில் அது 10 முதல் 20 மில்லிமீட்டர்தான். அந்தக் கடைமடையில் இருக்கும் நுண்குழாய் அணுக்களோ சும்மா இருப்பவை அல்ல. ஒரு நாளில் வடிகட்டப்படும் சுமார் 180 லிட்டர் நீரில் ஒன்றரை லிட்டர் போக மீதி அனைத்தையும் உப்போடும் சத்தோடும் உடலுக்குத் திருப்பி அனுப்பும் வேலையில் அவற்றுக்கும் பெரும் பங்குண்டு. அதற்காக அவற்றுள் ஆற்றல் உலைகளான மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. தசையைப்போல ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையைக் கொண்டு ஒப்பேற்றும் திறன், வடிகட்டிய நீர் முதலில் நுழையும் அண்மை நுண்குழாய் அணுக்களுக்கு மிகக் குறைவு. கொழுப்பை ஆக்சிஜனில் எரித்துத்தான் அவை பிழைக்கின்றன.

இரத்தம் நின்றால் சில நிமிடங்களிலேயே அணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி தீர்ந்துவிடுகிறது. சோடியத்தை வெளியேற்றும் பம்பு நிற்கிறது, அணு வீங்குகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. அதே வேளையில் பாதி எரிந்த எரிபொருளாக சக்சினேட் என்ற பொருள் மைட்டோகாண்ட்ரியாவில் குவிகிறது. இரத்தம் திரும்பி ஆக்சிஜன் வந்ததும், குவிந்திருந்த சக்சினேட் ஒரே மூச்சில் எரிய, எலக்ட்ரான்கள் வந்த வழியே பின்னோக்கிப் பாய்ந்து, ஆக்சிஜனைக் கட்டுக்கடங்காத தீவிர மூலக்கூறுகளாக மாற்றுகின்றன. அவை இரும்பின் துணையோடு அணுச்சவ்வின் கொழுப்பை ஊசிப்போகச் செய்கின்றன. இவ்வகை அணுச்சாவுக்கு 2012இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபெரோப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். ஃபெர்ரம் என்றால் இலத்தீனில் இரும்பு. இவற்றுக்குப் பின்னால் வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து, துப்புரவு செய்கிறேன் என்று நல்ல அணுக்களையும் சேர்த்து அழிக்கின்றன. வீங்கிய அணுக்கள் பக்கத்திலுள்ள நுண் இரத்தக்குழாய்களை நெருக்குவதால், பெரிய குழாயில் இரத்தம் திரும்பிய பிறகும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராமல் போவதும் உண்டு.

கேள்வி: என் கணவருக்குச் சிறுநீரகம் கொடுக்க முன்வந்திருக்கிறேன், வயது 46. பெண்களின் சிறுநீரகம் இரத்தம் இல்லாமலும் அதிக நேரம் தாங்கும் என்றால், அந்தத் தெம்பு என் சிறுநீரகத்தோடு சேர்ந்து அவர் உடலுக்குப் போகுமா? உறவினர்கள் உங்கள் கட்டுரையைக் காட்டி, பெண் உடம்புதானே, எதையும் தாங்கும் என்கிறார்கள்.
– வாசகி, திருச்சி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசி வரி என்னைச் சற்றுக் கலங்க வைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த எலிச் சோதனை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மயக்கமடைந்த சுண்டெலியைச் சூடேற்றிய மெத்தைமேல் கிடத்துவார்கள். உடல் வெப்பம் ஓரிரு டிகிரி குறைந்தால்கூடச் சிறுநீரகம் தப்பித்துக்கொள்ளும், சோதனையின் முடிவே மாறிவிடும் என்பதால் மெத்தையின் வெப்பத்தைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பார்கள். இருபுறமும் விலாவின் கீழே சிறு கீறல் போட்டு, மொச்சைக்கொட்டை அளவுள்ள ஒவ்வொரு சிறுநீரகத்துக்குள்ளும் போகும் தமனியையும் வெளியே வரும் சிரையையும் சேர்த்து ஒரு சின்னக் கவ்வியால் பிடிப்பார்கள். செந்நிறமாக இருந்த உறுப்பு சற்று நேரத்தில் நாவல் பழ நிறத்துக்கு மாறும். 30 நிமிடம் போல் காத்திருந்து கவ்வியை எடுத்தால் நிறம் திரும்பிவிடும். பார்வைக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். உண்மை நிலவரம் மறுநாள் ஒரு சொட்டு இரத்தத்தை எடுத்து, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் எவ்வளவு என்று பார்க்கும்போதுதான் தெரியும். ஆண் எலிகளில் அது பல மடங்கு ஏறியிருக்கும். அதே நேரம், அதே வெப்பம், அதே கவ்வி. பெண் எலிகளில் ஏற்றம் மிகக் குறைவு.

இதற்குக் காரணம் பெண் ஹார்மோன் காப்பதா, ஆண் ஹார்மோன் கெடுப்பதா என்ற கேள்வியை, பாஸ்டனில் ஜோசப் பான்வென்டர் என்ற சிறுநீரக ஆய்வாளரின் குழு 2004இல் நேரடியாகவே சோதித்தது. ஆண் எலிகளின் விதைப்பையை நீக்கியபோது அவற்றின் சிறுநீரகங்கள் பாதிப்பிலிருந்து பெரிதும் தப்பின. பெண் எலிகளுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனைச் செலுத்தியபோது அவை ஆண்களைப்போலவே பாதிப்புக்கு உள்ளாயின. பெண் எலிகளின் சினைப்பையை நீக்கியதோ பெரிய மாற்றத்தைத் தரவில்லை. ஆக, குற்றவாளி டெஸ்டோஸ்டீரோன் என்று அந்தக் குழு எழுதியது. கதை அத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2016இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், இரத்தத்தை நிறுத்துவதற்கு முன்பே பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைச் செலுத்தியபோது பெண் எலிகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு கிடைத்தது. ஆண் எலிகளுக்கு அது பலன் தரவில்லை. 2013இல் வந்த வேறோர் ஆய்வு, இப்படிச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட ஆண் எலிகளின் உடலில் டெஸ்டோஸ்டீரோன் சட்டெனக் குறைகிறது என்றும், அதைத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் தேறுகிறது என்றும் சொல்லி பாஸ்டன் ஆய்வுக்கு நேரெதிரே நின்றது. அளவும் நேரமும் மாறினால் ஒரே ஹார்மோன் இரு முகம் காட்டக்கூடும் என்பதே இப்போதைக்கு என் கருத்து.

இனி உங்கள் கேள்வி. அந்த 2016 ஆய்வில் உங்களுக்கென்றே செய்ததுபோல ஒரு பகுதி இருக்கிறது. எலிகளுக்குள் சிறுநீரகங்களை மாற்றிப் பொருத்திப் பார்த்தபோது, கொடுத்தது ஆணா பெண்ணா என்பதைவிட, பெற்றுக்கொண்டது ஆணா பெண்ணா என்பதே முடிவைப் பெரிதும் தீர்மானித்தது. அமெரிக்காவின் மாற்று சிகிச்சைப் பதிவேட்டிலும், இறந்தவரிடமிருந்து சிறுநீரகம் பெற்ற பெண்களுக்கு, பொருத்திய முதல் வாரத்தில் டயாலிசிஸ் தேவைப்படும் நிலை ஆண்களைவிடக் குறைவாகவே இருந்தது. எனவே அந்தத் தெம்பு சீர்வரிசைபோல உறுப்போடு கூடப் போவதில்லை. உங்கள் சிறுநீரகம் உங்கள் கணவரின் உடலுக்குள் போனதும், அங்கே ஓடும் ஹார்மோன்களில்தான் அது குளிக்கப் போகிறது.

ஆனால் இதனால் நீங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை. உயிரோடிருப்பவர் கொடுக்கும் உறுப்பில் இரத்தம் நிற்கும் நேரம் மிகக் குறைவு. பக்கத்து அறுவை அரங்கிலேயே உங்கள் சிறுநீரகத்தை எடுத்து, குளிர்ந்த கரைசலால் உள்ளிருக்கும் இரத்தத்தைக் கழுவி, பனிக்கூழில் வைப்பார்கள். அப்போது அது வெளிறிச் சாம்பல் நிறமாக இருக்கும். கணவரின் அடிவயிற்றில் சிரையையும் தமனியையும் தைத்துக் கவ்விகளை எடுத்த கணத்தில், அந்தச் சாம்பல் நிறத்தின்மேல் இளஞ்சிவப்பு படர்ந்து உறுப்பு விம்மி இறுகும்; பல வேளைகளில், மூத்திரப்பையோடு இன்னும் தைக்காத சிறுநீர்க்குழாயின் முனையிலிருந்து துளிகள் சொட்டத் தொடங்கிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் அரங்கில் இருக்கும் அனைவரும் ஒரு நொடி பேச்சை நிறுத்தும் காட்சி அது. இரத்தம் நிற்கும் அவ்வளவு குறுகிய நேரத்தில் ஆண் பெண் வேறுபாடு தலைகாட்ட இடமே இல்லை. பல மணி நேரம் பனியில் பயணம் செய்துவரும், மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்தில்தான் அது கணக்குக்கு வருகிறது.

இப்போது உங்கள் கடைசி வரி. நம் நாட்டில் உயிரோடிருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். எலியின் சிறுநீரகம் 30 நிமிடக் கவ்வியைத் தாங்குவதற்கும், ஒரு பெண் ஒற்றைச் சிறுநீரகத்தோடு அடுத்த 40 ஆண்டுகள் வாழ்வதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. பெண் உடம்பு தாங்கும் என்று சொல்லும் உறவினரிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். உங்கள் இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரில் புரதம், இரு சிறுநீரகங்களின் செயல்திறன் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவக் குழு சொல்வதே கணக்கு. அந்தக் குழு உங்களிடம் தனியே பேசும்போது, விருப்பம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லும் உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு. விருப்பம் இருந்தால், உங்கள் முடிவை நான் வணங்குகிறேன்.

கேள்வி: திடீர்ச் சிறுநீரகப் பாதிப்புக்கான பன்னாட்டு வழிகாட்டியில் பெண்பாலினம் ஆபத்துக் காரணிகளின் பட்டியலில் இருக்கிறது. தேர்வுக்கும் அப்படித்தான் படித்தோம். நீங்கள் எழுதியது அதற்கு நேர்மாறாக இருக்கிறதே?
– மருத்துவ மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, நன்றாகப் படித்திருக்கிறாய். கேடிகோ என்ற அமைப்பு 2012இல் வெளியிட்ட வழிகாட்டியில் பெண்பாலினம் ஆபத்துக் காரணியாகத்தான் இருக்கிறது. அதற்கு முன்பே 2005இல் வெளிவந்த கிளீவ்லாந்து மதிப்பெண் முறையும், இதய அறுவைக்குப் பின் டயாலிசிஸ் தேவைப்படும் வாய்ப்பைக் கணக்கிடும்போது பெண் என்றால் ஒரு மதிப்பெண் கூட்டுகிறது. தேர்வில் அதையே எழுது. ஆனால் நோயாளியின் படுக்கையருகே நிற்கும்போது வேறு சிலவற்றையும் நினைவில் வை.

2018இல் நியூயார்க்கைச் சேர்ந்த நியூகார்ட்டனும் கோலஸ்தானேயும், மருத்துவமனையில் சேர்ந்த பிறகு வரும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆண்களுக்கே அது அதிகம் வருவது தெரிந்தது. இப்படி ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு முதல் காரணம் நம் அளவுகோல்தான். கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிறது. பெண்களுக்குப் பொதுவாகத் தசை குறைவு, எனவே அவர்களுடைய இயல்பான அளவும் குறைவு. 48 மணி நேரத்தில் 0.3 மில்லிகிராம் ஏறினால் பாதிப்பு என்பது விதி. ஓர் ஆணுக்கு 1.0லிருந்து 1.3 ஆனாலும், ஒரு பெண்ணுக்கு 0.6லிருந்து 0.9 ஆனாலும் இருவரும் அதே பெட்டிக்குள் போய்விடுகிறார்கள். ஆனால் முன்னவருக்கு ஏறியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, பின்னவருக்குப் பாதி.

எதிர்ப்பக்கமாகவும் ஒரு பள்ளம் உண்டு. 70 வயதுப் பாட்டி ஒருவரின் ஆய்வகச் சீட்டில் கிரியாட்டினின் 1.2 என்று இருந்தால், பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு வரம்பைப் பார்த்துவிட்டுப் பலர் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். கிரியாட்டினினைக் கொண்டு சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணக்கிடும், 2021இல் திருத்தப்பட்ட சூத்திரத்தில் அதைப் போட்டுப் பார்: அந்தப் பாட்டியின் வடிகட்டும் திறன் 49 அளவில் நிற்கும். அதே வயதுத் தாத்தாவுக்கு அதே 1.2 என்றால் 65 வரும். இப்படி ஏற்கெனவே பாதி தேய்ந்த சிறுநீரகத்தோடு, அது யாருக்கும் தெரியாமலே அறுவை மேசைக்குப் போன பெண்ணுக்குப் பாதிப்பு வந்தால், பழி அவருடைய பாலினத்தின் மேல் விழுகிறது. இதய அறுவைக்குப் பெண்கள் பெரும்பாலும் கூடுதல் வயதில், இரத்த சோகையோடு வருவதையும் சேர்த்துக்கொள். பிரசவத்தில் பெருகும் இரத்தப்போக்கும், நச்சுக்கொடி முன்பே பிரிவதும் பெண்களுக்கு மட்டுமே உரிய ஆபத்துகள். அவற்றால் சிறுநீரகப் புறணியே கருகிப்போவதும் உண்டு. அந்த நிலையில் எந்த ஹார்மோனும் துணைக்கு வராது.

இவை அனைத்தையும் கழித்த பிறகும் மனிதர்களில் ஆண் பெண் வேறுபாடு மிஞ்சுகிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் எலியில் மலையாகத் தெரிவது மனிதரில் மேடாகத்தான் தெரிகிறது.

கேள்வி: எனக்கு வயது 63. மாதவிடாய் நின்று 12 ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பாதுகாப்பு எனக்குப் போய்விட்டதா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: பாஸ்டன் ஆய்வு சொல்வதுபோல டெஸ்டோஸ்டீரோன்தான் குற்றவாளி என்றால், அது உங்களிடம் இன்றும் குறைவுதான். ஈஸ்ட்ரோஜன்தான் காவலாளி என்றால், அது பணி ஓய்வு பெற்றுவிட்டது. இதை எலியைக் கொண்டு தீர்ப்பதிலும் சிக்கல் உண்டு. சோதனைகளில் பயன்படும் சுண்டெலிகள் பெரும்பாலும் 8 முதல் 12 வாரம் வயதுள்ள இளவட்டங்கள். தவிர, பெண்களுக்கு நேர்வதுபோல மாதவிடாய் நிற்றல் அவற்றுக்கு இல்லை. உங்கள் வயதில் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் கட்டுப்பாட்டில் இருக்கின்றனவா என்பதே சிறுநீரகத்தின் தலைவிதியைப் பெரிதும் எழுதுகிறது. ஹார்மோனைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு, ஆண்டுக்கொரு முறை சிறுநீரில் ஆல்புமின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: இவ்வளவு பெரிய வேறுபாடு ஏன் இத்தனை காலம் பேசப்படாமல் இருந்தது?
– வாசகர், சேலம்

பதில்: ஆய்வகங்கள் பெரும்பாலும் ஆண் எலிகளையே பயன்படுத்தின. பெண் எலிக்கு 4, 5 நாட்களுக்கு ஒருமுறை சினைச்சுழற்சி வருவதால் முடிவுகள் ஊசலாடும் என்பது வெளியே சொன்ன காரணம். சிறுநீரகத் துறையில் சொல்லாத காரணம் இன்னொன்றும் இருந்தது: ஆண் எலிக்குப் போதுமான கவ்வி நேரம் பெண் எலியை அசைப்பதே இல்லை. பாதிப்பே வராத எலியில் மருந்தைச் சோதித்து என்ன காண்பது? ஆகவே, எதை ஆராய்ந்திருக்க வேண்டுமோ அதையே காரணம் காட்டி ஒதுக்கினார்கள். அமெரிக்கத் தேசிய நல்வாழ்வு நிறுவனம் இதை மாற்றப் போவதாக 2014இல் அறிவித்து, விலங்காய்வுகளில் இரு பாலையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்ற விதியை 2016இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

கேள்வி: எனக்கு வயது 61. அடுத்த மாதம் பைபாஸ் அறுவை சிகிச்சை. அதற்கு முன்பாகச் சில நாட்கள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுத்துக்கொண்டால் சிறுநீரகத்துக்கு நல்லதா? கையில் இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டிச் செய்யும் ஒரு சிகிச்சை பற்றியும் படித்தேன்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஐயா, மாத்திரை வேண்டவே வேண்டாம். ஆண் எலிகளுக்கே அது பயன்படவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். மனித ஆண்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்ததும் உண்டு. மாரடைப்பு வந்த ஆண்களுக்கு இதயத்தைக் காக்கும் என்று நம்பி, அமெரிக்காவில் நடந்த கொரோனரி டிரக் புராஜெக்ட் என்ற பெரிய ஆய்வில் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தார்கள். நன்மைக்குப் பதிலாகத் தீமை தெரிந்ததால் அந்தப் பிரிவுகளைப் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. அடைத்த குழாயைச் சரிசெய்யப் போகும் நீங்கள், இரத்தத்தை உறைய வைக்கக்கூடிய ஒன்றை விழுங்கிவிட்டுப் போகலாமா?

பட்டைச் சிகிச்சைக்கு அடிப்படை இருக்கிறது. மயக்க மருந்துக்குப் பின், மேல்கையில் பட்டையைக் கட்டி, 5 நிமிடம் இரத்தத்தை நிறுத்தி, 5 நிமிடம் விட்டு, இப்படி மூன்று முறை செய்வார்கள். கைக்குக் கொடுத்த சிறு பட்டினி, தொலைவில் இருக்கும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் முன்கூட்டியே எச்சரித்துத் தயார்ப்படுத்தும் என்பது எண்ணம். 2015இல் ஜெர்மனியில், ஆபத்து மிகுந்த இதய அறுவை நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் சிறுநீரகப் பாதிப்பு உண்மையிலேயே குறைந்தது. ஆனால் அதே ஆண்டில் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், ஒன்று பிரிட்டன், மற்றொன்று ஜெர்மனி, பலன் எதுவும் காணப்படவில்லை. அந்த இரண்டிலும் பரவலாகப் பயன்பட்ட புரோபோஃபால் என்ற மயக்க மருந்தே பலனை மழுங்கடித்திருக்கலாம் என்று வாதாடுபவர்கள் உண்டு. உங்கள் அறுவை மருத்துவர் செய்தால் செய்யட்டும். செய்யவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறேன். முழங்கால் வலிக்கு என்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளை மருந்துக்கடையில் நீங்களாகவே வாங்கிச் சாப்பிடும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். மேலே சொன்ன கடைமடைக்குப் போகும் கொஞ்ச நீரையும் அவை அடைத்துவிடும். ஆஞ்சியோகிராம் எடுத்த நாளையும் அறுவை நாளையும் மருத்துவர் இடைவெளி விட்டுக் குறிக்கிறாரா என்று கேளுங்கள், ஏனென்றால் அதில் செலுத்தும் சாயம் சிறுநீரகத்துக்கு ஒரு சுமை. இரத்த அழுத்த மாத்திரைகளையும் சர்க்கரை மாத்திரைகளையும் எதை எப்போது நிறுத்த வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அறுவைக்கு முந்தைய நாள், வெறும் வயிறு என்ற பேச்சைக் கேட்டுப் பயந்து காலையிலிருந்தே தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எத்தனை மணிக்குத் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்று கேட்டு, அதுவரை குடியுங்கள்.

கேள்வி: இந்த ஆராய்ச்சியிலிருந்து என்றாவது மருந்து வருமா, இல்லை எலிக்கதையாகவே முடியுமா?
– வாசகி, சென்னை

பதில்: வரக்கூடும் என்று நம்புவதற்கு இடம் இருக்கிறது. முதல் கேள்விக்கு எழுதிய பதிலில் வந்த ஃபெரோப்டோசிஸ்தான் இப்போது எல்லோர் பார்வையிலும் இருக்கிறது. 2022இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு, பெண் எலியின் அண்மை நுண்குழாய் அணுக்கள் இந்த வகைச் சாவை அதிகம் எதிர்த்து நிற்கின்றன என்று காட்டியது. 2025இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்களை உள்ளடக்கிய குழு, ஈஸ்ட்ரோஜன்களில் முதன்மையான ஈஸ்ட்ராடயோல் இதைப் பல வழிகளில் தடுக்கிறது என்று எழுதியது. அவற்றில் எனக்கு மிகவும் சுவையாகத் தெரிந்தது, அந்த ஹார்மோனிலிருந்து உடலுக்குள் பிறக்கும் சில வழிப்பொருள்கள், ஹார்மோன் வேலை எதையும் செய்யாமலே, கொழுப்பை ஊசவைக்கும் தீவிர மூலக்கூறுகளை நேரடியாகப் பிடித்து அடக்குகின்றன என்பதுதான். அப்படியென்றால், மார்பு வளர்ச்சியோ இரத்த உறைவோ தராமல் காப்பை மட்டும் தரும் ஒரு மூலக்கூறை வேதியியலார் செய்துவிட முடியாதா என்ற ஆசை எழுவது இயல்பு.

அப்படி ஒன்று வந்தால், அதை முதலில் எங்கே பயன்படுத்த வேண்டும் என்று என்னைக் கேட்டால், மனித உடலுக்குள் அல்ல என்பேன். மாரடைப்பும் விபத்தும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. முன்கூட்டியே மருந்து கொடுக்க அங்கே வழியில்லை. ஆனால் மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து எடுத்த சிறுநீரகம், பெறுபவரின் உடலுக்குள் போகும்வரை பல மணி நேரம் வெளியே காத்துக் கிடக்கிறது. அதைப் பனிப்பெட்டியில் சும்மா வைப்பதற்குப் பதிலாக, குளிர்ந்த கரைசலை அதன் தமனி வழியே விடாமல் ஓட்டிக்கொண்டிருக்கும் பம்பு இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றால் பொருத்திய பின் டயாலிசிஸ் தேவைப்படுவது குறைகிறது என்று 2009இலேயே ஐரோப்பாவில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. தமிழ்நாட்டிலும் 2008இலிருந்து மூளைச்சாவு உறுப்பு தானத் திட்டம் நடந்துவருகிறது. ஒரு நகரத்தில் எடுத்த சிறுநீரகம் ஆம்புலன்ஸில் இன்னொரு நகரத்துக்குப் போவது நமக்கும் பழகிய காட்சிதான். அந்தப் பம்பில் ஓடும் கரைசலில் நான்கு சொட்டு மருந்தைக் கலப்பதற்கு, கொடுத்தவர் ஆணா பெண்ணா, பெறப்போகிறவர் ஆணா பெண்ணா என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை.